ஒரு நாளைக்குப் பத்து வரி

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது, ஐயா. என்னுடையது மை கசியும். மாலை வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் என் விரல்களைப் பார்த்துத் தினமும் கிண்டல் செய்வார். வகுப்பு ஆறு மணிக்கு. அதற்குள் எழுதி முடித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். முடியாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்குப் பழைய பாடத்தைத்தான் திரும்ப நடத்துவார்கள்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. முன்னூற்று எண்பத்தெட்டாவது வரி மட்டும் ஏன் வரிசை தாண்டித் திருத்தப்பட்டது, அதுவும் பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டுக்கு. நல்ல கேள்வி. மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தும் அதைக் கேட்கவில்லை. ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் முன்கதை இல்லாமல் சொன்னால் தப்பாகத் தோன்றும். எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. ஒரு கடிதத்தை மூன்று தடவை படித்த பிறகும், அனுப்பிய பின் ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று நகலை எடுத்து நான்காவது தடவை படிப்பேன். அலுவலகத்தில் எனக்கு ‘ரூல்தடி’ என்று பெயர். கோடு போடாத தாளில் நான் எழுத மாட்டேன் என்பதால் வைத்தது.

நான் கொள்முதல் பிரிவில் எழுத்தர். துறை எதை வாங்கினாலும், நாற்காலியோ மென்பொருளோ, அதன் டெண்டர் என் மேசையைத் தாண்டித்தான் போகும். மென்பொருள் என்றால் வழக்கமாக ஒரே பெரிய நிறுவனம்தான். நிபந்தனைகள் அப்படி. இத்தனை ஆண்டு அனுபவம், இத்தனை ஊழியர்கள், இத்தனை கிளைகள். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் உள்ளூர்க் கடை அந்தத் தாளைப் படித்துப் பெருமூச்சு விடத்தான் முடியும். மாலை வகுப்பில் ஆண்டுக் கட்டுரை கேட்டபோது நான் இதைத்தான் எழுதினேன். பெரிய டெண்டரை ஆறு சிறு துண்டாக்கி, வேலைக்குத் தேவைப்படாத நிபந்தனைகளை எடுத்துவிட்டால் சிறு நிறுவனங்களும் உள்ளே வரலாம் என்று. கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. தயங்கித் தயங்கி ஒரு நகலைக் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தேன்.

அவர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். “ஒரு துண்டு மட்டும் செஞ்சு பாப்போம்பா. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. பெரிய கம்பெனி தடுக்கி விழுந்தா அது தொழில்நுட்பக் கோளாறு. சின்னக் கம்பெனி தும்முனாலே நம்ம மூஞ்சிலதான் தெறிக்கும். ஒரு புகார் வந்துச்சு, கதவ மூடிருவேன். அப்புறம் உன் கட்டுரைய மடிச்சு இந்த ஜன்னலுக்கு முட்டுக் குடுத்துக்கலாம்.”

அந்த ஒரு துண்டுதான் பொத்தான் திட்டம். நகரத்தில் தனியாக வசிக்கும் நோயாளிகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும், திரையில் முகவரி வரும், ஆம்புலன்ஸ் அந்த முகவரிக்குப் போகும். நோயாளியின் அந்தரங்கம் கருதி, பெயர் திரையில் வராது. அது விதி.

நான்கு பேர் போட்டியிட்டார்கள். வென்றது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் நடந்த நிறுவனம். ஒரு அக்காவும் அவருடைய கொழுந்தனும், அவ்வளவுதான் ஊழியர்கள். இடத்தைப் பார்வையிட நான்தான் போனேன். ஒரு மேசை உண்மையில் மேசை அல்ல. பழைய கதவைப் பெட்டிகள் மேல் கிடத்தியிருந்தார்கள், தாழ்ப்பாள் கூட அப்படியே இருந்தது. ஒரு பொத்தான் தண்ணீர் வாளிக்குள் கிடந்தது, இன்னொன்று குளிர்பெட்டியில். எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று பார்க்கிறார்களாம். என் பட்டியலில் தீயணைப்புக் கருவி என்று ஒரு வரி இருந்தது. அதை அன்று காலைதான் வாங்கியிருந்தார்கள் போல, பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே சுவரில் தொங்கியது.

“தீப்பிடிச்சா மொதல்ல கவரக் கிழிக்கணும் தம்பி, அதுக்குள்ள எழுதிக்குங்க” என்றார் அக்கா.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எங்க அம்மா கழுத்துலயும் ஒண்ணு தொங்கப்போகுது. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காங்க, எங்கூட வந்து இருங்கன்னா வர மாட்டேங்கிறாங்க. என் சமையல் பிடிக்கலையாம். அதனால இத நான் அரசாங்க வேலைன்னு நெனச்சுச் செய்யல” என்றார்.

அதை அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். போட்டியாளரின் உறவினர் பயனாளிகளில் ஒருவர் என்று தனிக்கோட்டிலும் குறித்தேன். இது பின்னால் முக்கியமாகும் என்று அப்போதே தோன்றியது.

நோயாளிகளின் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. பழைய அட்டைகளைப் பார்த்துக் கணினி அட்டவணையில் நானே ஏற்றினேன். முதல் பத்தியில் பொத்தானின் எண், அடுத்து முகவரி, அடுத்து பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண். பெயர்கள் தனிப் பட்டியலில், என்னிடம். கடைசி நாளில் கண்காணிப்பாளர் தெரு வாரியாகப் பார்க்க வேண்டும் என்றார். முகவரிப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அகர வரிசைக்கு மாற்றினேன். பார்த்தார், தலையாட்டினார். கோப்பை வட்டில் பதிந்து, உறையில் போட்டு, டெண்டர் குழுவினர் மூவரும் குறுக்கே கையெழுத்திட்டு அரக்கு வைத்தார்கள். அதன் நகல் ஒன்று அக்காவுக்குப் போனது.

முகவரிப் பத்தியை மட்டும்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். மற்ற பத்திகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதாவது எண்கள் அசையவில்லை, வீடுகள் மட்டும் இடம் மாறிவிட்டன. ஒருவர் பொத்தானை அழுத்தினால் இன்னொருவர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போகும்.

இது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்பது நாள் கழித்து, அக்காவின் கடிதம் வந்தபோது. விதிப்படி எழுத்தில் கேட்டிருந்தார். அவருக்குப் பெயர்கள் தெரியாது. அம்மாவின் முகவரி இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறார், இருந்திருக்கிறது. ஆனால் அதற்கு எதிரே இருந்த தொலைபேசி எண் அம்மாவின் பக்கத்து வீட்டுடையது அல்ல. கோப்பை ஒருமுறை சரிபார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

சரிபார்த்தேன். ஐந்து நிமிடம் ஆனது. பிறகு மாடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டு வழிகள் இருந்தன. முத்திரையிட்ட கோப்பில் தவறு என்று சொன்னால் டெண்டர் ரத்தாகும், மறு டெண்டர் பெரிய நிறுவனத்துக்குப் போகும், கதவு மூடும். நகரத்தில் இனி எந்தச் சிறு நிறுவனமும் அந்தக் கதவைத் தட்ட முடியாது. ஒருவருடைய கை தவறியதற்காக அத்தனை பேருடைய வாய்ப்பும் போக வேண்டுமா என்று யோசித்தேன். என் பெயரைப் பற்றியும் யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை இரண்டாவதாகத்தான் யோசித்தேன். நாட்குறிப்பில் வரிசை அப்படித்தான் இருக்கிறது.

இன்னொரு வழி, திட்டம் தொடங்கிய பிறகு நானே வரி வரியாகத் திருத்துவது. மென்பொருளின் விதிகளை எழுதியவன் நான். ஓர் எழுத்தர் ஒரு நாளைக்குப் பத்து பதிவுகள் வரை தன் கடவுச்சொல்லில் திருத்தலாம். பதினொன்றாவதைத் தொட்டால் கண்காணிப்பாளருக்குத் தானாகவே குறிப்பு போகும். நானூற்றுப் பன்னிரண்டு வரி, ஒரு நாளைக்குப் பத்து. நாற்பத்திரண்டு வேலை நாட்கள்.

இடைப்பட்ட காலத்தில் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டேன். மாதத்துக்குச் சராசரியாக ஏழு உண்மையான அழைப்புகள். இரண்டு மாதத்துக்குப் பதினான்கு. வரிகள் தினமும் சரியாகிக்கொண்டே வருவதால் தவறான வீட்டுக்குப் போவது அதில் பாதி, ஏழு. ஏழில் தாமதத்தைத் தாங்காதவர்கள் நான்கு. எனக்குக் கணக்கில் எப்போதும் சந்தேகம், அதனால் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். நான்குதான் வந்தது.

அன்று வீட்டில் நான் நாட்குறிப்பின் மேல் குனிந்திருப்பதைப் பார்த்து அண்ணி, “என்ன கொழுந்தனாரே, இன்னிக்கு எத்தன தடவ கொட்டாவி விட்டீங்கன்னும் எழுதியாச்சா?” என்றார். அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அக்காவுக்குப் பதில் எழுதினேன். வழங்கப்பட்ட கோப்பே இறுதியானது. தொலைபேசி எண்கள் பயனாளிகள் விருப்பப்படி கொடுத்தவை. வழங்குநர் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. கையெழுத்து கண்காணிப்பாளருடையது, வாசகம் என்னுடையது. அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்க பாத்துட்டீங்கல்ல தம்பி, அது போதும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

திட்டம் தொடங்கிய நாளிலிருந்து மதிய உணவு நேரத்தில் பத்து வரி. பழைய அட்டையைப் பார்த்து ஒரு முகவரியை மாற்ற நாற்பது விநாடி. ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரத்தில் சாப்பிடுவேன். ஒரு நாள் காய்ச்சல், அன்றும் வந்தேன்.

யாராவது கவனிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஆம்புலன்ஸ் தவறான வீட்டுக்குப் போனாலும் அங்கேயும் ஒரு நோயாளி இருப்பார், கழுத்தில் பொத்தானோடு. நான் அழுத்தவே இல்லையே என்பார். இவர்கள் ‘தவறான அழுத்தம்’ என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கட்டுப்பாட்டு அறை அம்மாள் தாள்களைக் கொண்டுவந்து போடும்போது, “மறுபடியும் தூக்கத்துல அமுக்கியிருக்காங்க ரூல்தடி. கேட்டா நான் அமுக்கல, கை அமுக்கிருச்சுங்கிறாங்க” என்பார். மூன்று முறை தவறாக அழுத்தினால் பொத்தானைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். அதனால் யாரும் சோதித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். தவறாக அழுத்தாதவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்களை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு மூதாட்டி மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதியிருந்தார்.

ஆறாம் நாள், இருநூற்றுப் பதினேழாவது வரி. ஓய்வுபெற்ற கடிகாரம் பழுதுபார்ப்பவர். பால் போடுகிறவர் இரண்டு நாள் கழித்துப் பார்த்துச் சொன்னார். பதினைந்தாம் நாள், முன்னூற்று ஐந்து. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர். இறப்புத் தாள் வேறு பிரிவிலிருந்து வரும், அழுத்தத் தாள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும். இரண்டும் சேரும் இடம் என் மேசை மட்டும்தான். பொத்தானை ரத்து செய்து, இரண்டையும் அவற்றுக்குரிய கோப்புகளில் தனித்தனியாக வைத்தேன்.

முப்பதாம் நாள், முன்னூற்று நாற்பத்தொன்று. இவருடைய மகன் லாரி ஓட்டுகிறவர். ஒரு வாரம் கழித்து நேராக அலுவலகத்துக்கு வந்து பொத்தானைக் கண்காணிப்பாளர் மேசை மேல் வைத்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அமுக்குனா எரியும்னு நீங்கதான சொன்னீங்க. எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. எங்க சார் உங்க வண்டி?” என்றார். அவர் சத்தம் போடவே இல்லை.

கண்காணிப்பாளர் அந்த வரியைத் திரையில் திறந்து பார்த்தார். முகவரி சரியாக இருந்தது, ஏனென்றால் முப்பத்தைந்தாம் நாளே அதைத் திருத்தியிருந்தேன். அப்படியானால் வண்டி ஏன் வேறு வீட்டுக்குப் போனது? மென்பொருள் தவறான இடத்துக்கு அனுப்பியிருக்கிறது, வேறென்ன. “நான் அன்னைக்கே சொன்னேன்ல, தும்மிட்டாங்க” என்றார் என்னைப் பார்த்து. இது எனக்கு வியப்பாக இருந்தது. என் திருத்தம் இப்படி ஒரு வேலை செய்யும் என்று நான் திட்டமிடவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

முப்பத்தெட்டாம் நாள் பிற்பகல் அக்கா வந்தார். பத்து நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். அவருடைய மென்பொருள் எந்தத் திருத்தத்தையும் மறக்காது, அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தார்.

“தம்பி, யாரோ உங்க பிரிவு கடவுச்சொல்ல வச்சுத் தெனமும் பத்து முகவரிய மாத்துறாங்க. தெனமும் பத்து, கரெக்டா. மனுஷன் செய்யிற மாதிரியே இல்ல. உங்க சார் எங்கூடப் பேச மாட்டேங்கிறாரு. எனக்கு இங்க உங்கள விட்டா யாரத் தெரியும்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

பார்க்கிறேன் அக்கா, மூன்று நாள் கொடுங்கள் என்றேன்.

அன்றைய பத்தை ஏற்கெனவே முடித்திருந்தேன். முன்னூற்று எண்பது வரை ஆகியிருந்தது. அவருடைய அம்மாவின் எண் முன்னூற்று எண்பத்தெட்டு. மறுநாள் முறை. ஆனால் இப்போது ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். கவனிக்கும்போது தொடர்ந்தால் சரியாக இருக்காது என்று நிறுத்தினேன். முப்பத்தொன்பதாம் நாள் அந்த வரியைத் திறந்து மட்டும் பார்த்தேன். நாற்பது விநாடி வேலை. போட்டியாளரின் உறவினருக்கு மட்டும் சலுகை காட்டுவது முறையா என்று யோசித்தேன். மீதி முப்பத்தொரு பேர் என்ன பாவம் செய்தார்கள்? மூடிவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் நாள், சொன்னபடி, மூன்று மணிக்கு அக்கா வந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து தாள்களை வரிசையாகப் பரப்பினார். நான் அவருக்குத் தேநீர் வரவழைத்தேன். மூன்று பத்துக்குக் கட்டுப்பாட்டு அறை மணி கேட்டது. எங்கள் அறைக்கும் அதற்கும் இடையில் ஒரு தடுப்புதான். அக்கா தலை நிமிர்ந்து, “பாருங்க, மணி மட்டும் ஒழுங்கா அடிக்குது” என்றார். மூன்று முப்பத்தைந்துக்கு அவருடைய கைபேசி ஒலித்தது. அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். தாள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தேநீர் பாதி இருந்தது.

நான் எண்ணைப் பார்த்தேன். முன்னூற்று எண்பத்தெட்டு. வண்டி நகரத்தின் மறு கோடியில் ஒரு தையல்காரர் வீட்டு வாசலில் நின்றது. அம்மா போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. அந்த வரி தவறாகவே இருந்தால் அக்கா திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார், முத்திரையிட்ட உறை வரை போவார். மூன்று ஐம்பத்திரண்டுக்குத் திருத்தினேன். நாற்பது விநாடி.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். வரிசை தாண்டிய ஒரே வரி அது. அதற்கு மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

மற்றது உங்களுக்குத் தெரியும். மென்பொருளைச் செய்தவர் என்பதால் கடவுச்சொற்களை அறிந்தவர் அந்த அக்கா, அதனால் திருத்தியதும் அவரே என்று விசாரணைக் குழு எழுதியது. தன் பிழையை மறைக்கத் திருத்தியிருக்கிறார் என்று. என்னைக் கேட்டார்கள், கோப்பு முத்திரையிட்டபடி இருக்கிறது என்றேன். அது உண்மை. அவருடைய நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கும் ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன், மூன்று தடவை படித்துப் பார்த்தேன். கொழுந்தன் வந்து கையெழுத்திட்டு வாங்கிப் போனார். அக்கா பேசுவதில்லையாம்.

ஆக, கோப்பைக் கெடுத்தது நான். தெரிந்தும் அதுவே இறுதியானது என்று எழுதியது நான். நான்கு பேர் இறப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டதும் நான்தான். கணக்கு சரியாக வந்தது. எனக்குச் சாதாரணமாக அப்படி வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை பெரிய நிறுவனம் வேலையை ஏற்றுக்கொண்டது. விதிப்படி முத்திரையிட்ட மூலக் கோப்பைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். இறந்தவர்கள் போக நானூற்று எட்டு வரி, எல்லாம் மறுபடியும் பழையபடி. ஒரு நாளைக்குப் பத்து என்ற விதி அவர்களுடைய மென்பொருளிலும் இருக்கிறது, நான்தான் சேர்க்கச் சொன்னேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் முப்பது முடித்துவிட்டேன். இன்று மதியம் நீங்கள் கூப்பிட்டுவிட்டதால் பத்து பாக்கி.

இப்போது மணி நாலே முக்கால். அலுவலகம் ஐந்துக்கு மூடுவார்கள். கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று காட்டினீர்கள் என்றால் போட்டுவிட்டு ஓடிவிடுவேன். ஒரு நாள் தவறினாலும் பாவம், யாராவது காத்திருக்க வேண்டியிருக்கும்.